இருபத்தொரு படங்கள்

கல்லூரிப் பணியில் சேர்ந்த புதிதில், 2005ஆம் ஆண்டில், மிச்சம்பிடித்த சம்பளத்தில் நாம் வாங்கிய முதல் பொருள் ஒரு பிலிம் கேமரா. சிலப்பதிகாரம் நடத்துகிறவருக்குக் கேமரா எதற்கு என்று வீட்டார் கேட்டனர். விடுமுறை நாள்களில் நண்பர்களுடன் பழங்கோயில்களுக்குச் சென்று கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் பார்த்துவரும் பழக்கம் அப்போதே இருந்தது. கண்டவற்றை வீட்டிற்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசைக்குக் கேமராவை விட்டால் வேறு வழி ஏது?

ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படங்கள். சுருளின் விலையும் கழுவி அச்சிடும் செலவும் சேர்ந்து கையைக் கடிக்கவே, உடன் பணியாற்றுவோர் இல்ல விழாக்களையும் உள்ளூர்ப் பதிப்பாளர் ஒருவரின் நூல் அட்டைகளுக்கான படங்களையும் எடுத்துக் கொடுத்தோம். அந்த வருவாய் அடுத்த பயணத்தின் பேருந்துக் கட்டணமாயிற்று. ஒளியை அளக்கவும் பொறுமையாகக் காத்திருக்கவும் அப்படித்தான் கற்றோம். ஆனால் எதைப் படமெடுப்பது என்பதை மட்டும் கற்கவில்லை.

2007இல் கொள்ளிடக் கரையோரச் சிற்றூர் ஒன்றின் சோழர் காலக் கோயிலுக்குச் சென்றிருந்தோம். தென்சுவரில் ஒரு கல்வெட்டு. மாலை வெயில் சாய்வாக விழுந்து எழுத்துகளைத் துலக்கிக் காட்ட, அருகிலிருந்த மரத்தின் நிழல் கல்லின் ஓரத்தில் அழகாகப் படிந்திருந்தது. நிழலும் எழுத்தும் பொருந்தி நிற்குமாறு ஒரே ஒரு படம் எடுத்தோம். சுருளில் மீதமிருந்த படங்களைக் கோபுரத்துக்கு ஒதுக்கினோம். அந்தக் கல்வெட்டுப் படத்தைக் கண்டோர் அனைவரும் புகழ்ந்தனர். நாமும் மகிழ்ந்துபோனோம்.

சில ஆண்டுகளில் அக்கோயிலில் திருப்பணி நடந்தது. கல்வெட்டு இருந்த பகுதியின்மீது சிமெண்டுப் பூச்சு ஏறியது. ஆய்வு மாணவர் ஒருவர் நம்மிடம் படம் இருப்பதறிந்து வந்தார். நாமும் பெருமையோடு எடுத்துக் கொடுத்தோம். அவர் உருப்பெருக்கியை வைத்து நெடுநேரம் பார்த்தார். நுந்தா விளக்கு ஒன்றுக்காகத் தொண்ணூற்றாறு ஆடுகள் கொடுக்கப்பட்ட செய்தி படத்தில் இருந்தது. கொடுத்தவர் ஒரு பெண் என்பதும் தெரிந்தது. அவர் பெயர் இருந்திருக்க வேண்டிய வரித்தொடக்கம் மட்டும் படத்தில் இல்லை. நிழல் அழகாக விழவேண்டும் என்பதற்காக இடப்புறத்தை நாம்தான் வெட்டியிருந்தோம்.

"அந்தப் பக்கம் இன்னொரு படம் எடுத்திருப்பீங்களே, ஐயா?" என்றார் அவர். என்ன விடை சொல்வது!

இந்த வருத்தம் நெஞ்சில் கிடந்த நாள்களில்தான் லின்னேயஸ் ட்ரைப் என்ற பெயர் நமக்கு அறிமுகமாயிற்று. தென்னிந்தியக் கோயில்களின் பழைய படங்களைத் தேடும் எவரும் விரைவிலேயே அவரிடம் வந்துசேர்வர். அவரும் நம்மைப்போல் பொழுதுபோக்காகக் கேமராவைத் தொட்டவர் என்பதே நம்மை அவர்பால் ஈர்த்தது.

சற்றே பின்னோக்கிச் செல்வோம். இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822இல் பிறந்த ட்ரைப், 1838இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்தார். 1840களில் சென்னை 12ஆம் காலாட்படைப் பிரிவில் பணியாற்றினார். 1850இல் விடுப்பில் தாயகம் சென்றவர், உடல்நலக் குறைவால் 1854வரை அங்கேயே தங்க நேர்ந்தது. அந்த ஓய்வுக் காலத்தில்தான் புகைப்படக் கலையில் கைவைத்தார். 1853இல் இலண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார்.

1854இல் பெங்களூர் திரும்பிய ட்ரைப், அவ்வாண்டு டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் போன்ற ஊர்களுக்குக் கேமராவுடன் சென்றார். எவருடைய ஆணையுமின்றித் தம் விருப்பத்தால் மேற்கொண்ட பயணம் அது. அங்கெல்லாம் எடுத்த 68 படங்களை 1855 பிப்ரவரியில் சென்னைப் பொருட்காட்சியில் வைத்தபோது, தாளில் அச்சிட்ட காட்சிப்படங்களுள் சிறந்த வரிசை அதுவே எனத் தேர்வாளர் பாராட்டினர்.

பாராட்டு பணியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில், பர்மிய மன்னர் மிண்டோனிடம் ஆர்தர் பெய்ர் தலைமையில் சென்ற தூதுக்குழுவில் ட்ரைப் படப்பிடிப்பாளராக அமர்த்தப்பட்டார். கீழைப் பர்மாவைக் கம்பெனி கைப்பற்றியதை மன்னர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது தூதின் நோக்கம். மன்னர் கையெழுத்திடவில்லை. தூது தோற்றாலும் ட்ரைப் இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களுடன் திரும்பினார். அவற்றுள் 120 படங்கள் தொகுப்பாக வெளியாயின. 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் பதவி அவரைத் தேடி வந்தது.

1857 டிசம்பரில் தொடங்கிய பெரும்பயணத்தில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுற்றினார். வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சியின் தீ அணையாதிருந்த நேரம் அது. அவர் பயன்படுத்திய நெகட்டிவ், ஏறத்தாழ 12க்கு 15 அங்குல அளவுள்ள மெழுகூட்டிய தாள். தாளை மெழுகில் தோய்த்து, வெள்ளி உப்பேற்றி, ஒளிபடாமல் காத்து, நெடுநேரம் ஒளிகாட்டிப் படமெடுக்க வேண்டும். அக்காலத்து வேதிப்பூச்சு நீல ஒளியை மிகுதியாக வாங்குவதால் வானம் வெறுமையாக விழும். ட்ரைப் சில நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் தீட்டினார். அழகின்மேல் ஆசை அவரையும் விடவில்லை!

மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையை அவர் எடுத்த படங்கள் இன்று விலைமதிப்பற்றவை. நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த 1866-72 ஆண்டுகளில் அரண்மனை பழுதுபார்க்கப்பட்டது. அதற்கு முன்னர் அது சிதைந்து கிடந்த கோலத்தை இப்படங்கள் காட்டுகின்றன. ஆட்சியர் பிளாக்பர்ன் நினைவாக எழுந்த விளக்குத்தூணையும் அவர் விட்டுவிடவில்லை.

எனினும் நம்மைக் கட்டிப்போட்டவை தஞ்சைப் படங்களே. பெரியகோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 1858இல் அவர் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். இருபத்தொரு படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். ஒரு படத்தில் விமானத்தின் கம்பீரத்தைக் காட்டியிருக்கலாம். காட்டவும் செய்தார். ஆனால் எழுத்து சுவர் நெடுக ஓடுகிறது என்றால் கேமராவும் சுவர் நெடுக ஓடவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அன்று அக்கோயிலைப் பற்றித் தலபுராணக் கதைகளே பெரிதும் வழங்கிவந்தன. கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் அக்கல்வெட்டுகளைப் படித்து 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியின் முதற்பகுதியாக வெளியிட்டது 1891இல். அதன் பின்னரே கோயிலை எடுப்பித்தவர் முதலாம் இராசராசர் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்கள்கூட அக்கல்லில் இருப்பதை உலகம் அறிந்தது. அதற்கு முப்பதாண்டுகளுக்கும் மேலாக முன்பே, இந்தச் சுவர் முழுதாகப் பதிவாக வேண்டியது என்று ஒரு படைத்தலைவருக்குத் தோன்றியிருக்கிறதே!

ஹளேபீட்டுக்குப் போனபோது அவர் தம் விருப்பத்திற்காகப் போனார். பர்மாவிலும் பின்னர் மாகாண வேலையிலும் படம் இன்னொருவர் பயன்பாட்டிற்குரியது என்ற கட்டாயம் வந்தது. மறைந்துபோகக்கூடியவற்றை வரலாற்றாசிரியருக்கும் சிற்பவியலாருக்கும் காத்துக் கொடுப்பதே தம் பணி என அவர் கருதினார். அப்பணியை அளித்தது தன் ஆட்சியை விரித்துக்கொண்டிருந்த கம்பெனி என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கட்டாயமே அவர் கண்ணை வளர்த்தது என்பதும் உண்மை. திருமண வீட்டில் பாட்டியின் முகத்தை ஒருமுறைகூடத் தவறவிடாத நாம், கோயிலில் ஒரு பெண்ணின் பெயரைத் தவறவிட்டதன் காரணம் அப்போது விளங்கிற்று. திருமண வீட்டில் கேட்பதற்கு ஆள் இருந்தது. கோயிலில் கேட்பார் இல்லை என்று நினைத்துவிட்டோம்.

ட்ரைப்பின் பணி நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன், நிதி நெருக்கடியில் புகைப்படம் ஓர் ஆடம்பரம் எனக் கருதி அதை நிறுத்தினார். அதன்பின் 1902இல் மறையும்வரை ட்ரைப் எடுத்த படங்கள் மிகச் சிலவே. கைவிடப்பட்ட அந்த 'ஆடம்பரத்தை'த்தான் இன்று நாம் அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் தேடித் தேடிப் பார்க்கிறோம்.

இப்போது நாம் கல்வெட்டுச் சுவர்முன் நிற்கும்போது முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறோம். ஒவ்வொரு படத்தின் வலது ஓரமும் அடுத்த படத்தின் இடது ஓரத்தில் மீண்டும் வருமாறு எடுக்கிறோம். எந்தத் திசைச் சுவர், எந்த நாள் என்பதைக் குறித்துக்கொள்கிறோம். அளவுக்கு ஒரு சாண் அளவுகோலும் உடன் நிற்கும். எழுத்து துலங்காவிட்டால் மாவு பூசுவதில்லை. கண்ணாடி ஒன்றால் வெயிலைச் சாய்வாகத் திருப்பினால் போதும். இன்றைய கைபேசிக்குச் சுருள் கணக்கும் இல்லை. கோயிலுக்குச் செல்லும் வாசக நண்பர்கள் தாமும் இவ்வாறு செய்தால், நாளை எவரேனும் ஒருவர் வந்து கேட்கும்போது விடை இருக்கும்.

நிழல் விழுந்த அந்தப் பழைய படம் இன்னும் நம் மேசையில் இருக்கிறது. ஆடுகள் தொண்ணூற்றாறும் இருக்கின்றன. கொடுத்தவரின் பெயர், இருந்தால், அந்தப் பூச்சுக்குப் பின்னால் இருக்கிறது.