கற்பூரவல்லி (ஓமவல்லி)

துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி; தாவரப்பெயர் கோலியஸ் அம்பாய்னிகஸ். மத்தியதரைக் கடலோரத்துத் தைம் வேறு செடி. ஆனாலும் அதற்கு மணம் தரும் தைமால், கார்வக்ரால் இரண்டும் இதன் இலையிலும் உண்டு. ஓமத்தின் வாசனையும் தைமாலால் வருவதே; ஓமவல்லி என்ற பெயர் மிகப் பொருத்தம்.

வடசென்னையில் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரின் நெருக்கமான வீடுகளில் மாடிப்படியோரத் தொட்டியே இதற்குப் போதும். விரல் நீளத் தண்டை ஒடித்து மணல் கலந்த மண்ணில் நட்டால் வேர்விடும். சதைப்பற்றான இலை நீரைச் சேமிக்கும். மண் காய்ந்தபின் ஊற்றினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகிவிடும்.

பஜ்ஜிக்கும் ரசத்துக்கும் ஏற்றது. சளிக்கு இலையை அனலில் வாட்டிப் பிழிந்த சாற்றைத் தேனுடன் தருவது வழக்கம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. வடசென்னை லாரிப் புழுதியும் ஆலைப்புகையும் படியும் பகுதி; அதனால் மென்மயிர் அடர்ந்த இலையை இருபுறமும் நன்றாகத் தேய்த்துக் கழுவியே பயன்படுத்துங்கள்.