விண்ணை நிறுத்தவர்கள்

கையில் எடுக்கக்கூடியதையே நிறுக்கலாம் என்பது சந்தையின் நியாயம். நமது பால்வீதியைப் போன்ற விண்மீன் மண்டலங்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் திரண்டு நிற்கும் கொத்துகளை மனிதன் நிறுத்த வரலாறு அந்த நியாயத்தைக் கடந்ததாகும்.

1933ஆம் ஆண்டில், கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்திற் பணியாற்றிய சுவிற்சர்லாந்து விஞ்ஞானி பிரிற்ஸ் சுவிக்கி, கோமா என்னும் கொத்தை ஆராய்ந்தார். அங்குள்ள மண்டலங்களின் வேகங்கள் தம்முள் செக்கனுக்கு ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் அளவில் வேறுபட்டன. கயிற்றிற் கட்டிச் சுழற்றும் கல்லின் வேகம் மிகுந்தால் கயிறும் அதற்கேற்ற வலிமை பெற்றிருத்தல் வேண்டும்; இன்றேல் கல் பறந்துவிடும். கொத்தைப் பிணைக்கும் கயிறு ஈர்ப்பு; ஈர்ப்பைத் தருவது திணிவு. அவர் கணக்கிட்டபோது, ஒளியைக் கொண்டு மதிப்பிட்ட திணிவைப் போல் 400 மடங்கேனும் தேவைப்பட்டது. குறையை நிரப்புவது ஒளிதராத 'இருட்பொருள்' என அவர் கருதினார்.

அக்காலத்துத் தூர அளவுகள் பிழையாக இருந்தமையால் 400 என்பது மிகையான எண்ணே. ஆனால் முடிவு பிழையன்று. 1936இல் சிங்க்ளெயர் சிமித் கன்னிக் கொத்திலும் இத்தகைய முரண்பாட்டையே கண்டார். எனினும் அறிஞருலகம் சுமார் நாற்பது ஆண்டுகள் இதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1970களில் வீரா ரூபினும் கென்ற் போர்டும் தனி மண்டலங்களின் சுழற்சியை அளந்து காட்டிய பின்னரே பலர் விழித்தனர். 1965 வரை பலோமார் வானாய்வகம் பெண்களுக்கு முறைப்படி இடமளிக்கவில்லை. அங்கு அனுமதி பெற்ற முதற் பெண் இந்த ரூபினே.

1970 டிசெம்பர் 12ஆம் நாள், கென்யா தன் சுதந்திர தினத்தைக் கொண்டாடிய வேளையில், அந்நாட்டுக் கரையருகே கடல்மேடையிலிருந்து ஒரு செய்மதி ஏவப்பட்டது. அதற்கு இடப்பட்ட பெயர் 'உகுரு'. சுவாகிலி மொழியில் விடுதலை என்பது பொருள். கொத்துகளிலிருந்து எக்ஸ் கதிர்கள் பரவலாக வருவதை அது காட்டிற்று. அவை கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயுவிலிருந்து வருபவை. அவ்வாயுவின் திணிவு விண்மீன்களின் திணிவையும் விஞ்சியது. ஆயினும் இரண்டையும் கூட்டினாலும் மொத்தத்தில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கே தேறியது.

மண்டலங்களின் ஈர்ப்பு வில்லைபோல ஒளியை வளைக்கும் என்றும், அதனாலும் திணிவை அளக்கலாம் என்றும் சுவிக்கி 1937இலேயே எழுதினார். கொத்துகளால் வில்லாய் வளைந்த ஒளிக்கீற்றுகள் 1980களிற் காணப்பட்டன. இவ்வாறு வேகம், வெப்பம், ஒளிவளைவு ஆகிய மூன்று தராசுகளும் இருட்பொருளின் இருப்பையே உணர்த்தின. எத்திணிவுள்ள கொத்துகள் எத்தனை என எண்ணுவோர், பிரபஞ்சத்தில் எவ்வளவு பொருள் உண்டு, அது எவ்வாறு திரண்டு வளர்ந்தது என்பவற்றை இன்று கணிக்கின்றனர்.

இருட்பொருள் எதனாலானது என்பதற்கு இன்றும் விடையில்லை. அவ்விடையைத் தேடுவோர் எந்நாட்டவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், அவர்களுக்கு ஆய்வகத்தின் கதவும் அறிஞரின் செவியும் திறந்திருத்தல் வேண்டும். வீணாய்ப்போன நாற்பது ஆண்டுகள் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.