மெட்ரோபொலிஸ்: திரும்பி வந்த 25 நிமிடங்கள்

2010ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி இரவு பெர்லின் நகரில் கடுங்குளிர். பிரண்டன்பேர்க் வாயிலின் முன்னால் பெரிய திரையொன்று விரிக்கப்பட்டிருந்தது. வெண்பனி படிந்த தரையில், கம்பளியாடைகளுக்குள் ஒடுங்கியபடி சனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது புதிய படமல்ல. 83 ஆண்டுகளுக்கு முன்னர் அதே நகரில் முதன்முதலாகக் காட்டப்பட்ட ஓர் ஊமைப்படம். ஃபிரிட்ஸ் லாங் நெறிப்படுத்திய "மெட்ரோபொலிஸ்". அதே வேளையில் ஃபிரீட்ரிச்ஸ்டட் பலாஸ்ட் அரங்கினுள், ஃபிராங்க் ஸ்ட்ரோபல் வழிநடத்த, பெர்லின் வானொலிச் சிம்பொனி இசைக்குழு படத்துக்கு நேரடியாக இசை வழங்கிக்கொண்டிருந்தது.

பனியில் இரண்டரை மணி நேரம் நின்று ஒரு பழம்படத்தைப் பார்ப்பதற்கு வெறும் பழமைப் பற்றுப் போதாது. அவர்களுள் பலர் இந்தப் படத்தை ஏற்கெனவே பல தடவை பார்த்தவர்கள். ஆனால் யாருமே முழுதாகப் பார்த்ததில்லை. அன்று அவர்கள் பார்க்க வந்தது, இல்லாமற் போய்விட்டது என்று எல்லோரும் கைவிட்ட 25 நிமிடங்களை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்காலத்து மாநகரம் ஒன்று. வானளாவிய கட்டடங்களில் செல்வர்கள் வாழ்கிறார்கள். நிலத்தின் அடியில் இயந்திரங்களுடன் இயந்திரங்களாகத் தொழிலாளர்கள் மாய்கிறார்கள். நகரத்தை ஆள்பவன் ஜோ ஃபிரெடெர்சன். அவனுடைய மகன் ஃபிரெடர், தொழிலாளருக்கு ஆறுதல் கூறும் மரியா என்ற பெண்ணைக் கண்டு மனம் மாறுகிறான். ரொட்வாங் என்னும் விஞ்ஞானி தான் செய்த இயந்திரப் பெண்ணுக்கு மரியாவின் முகத்தைக் கொடுத்து ஏவிவிட, தொழிலாளர்கள் இயந்திரங்களை உடைக்கிறார்கள். கீழ்நகரம் நீரில் மூழ்குகிறது. கடைசியில் முதலாளியின் கையும் தொழிலாளியின் கையும் தேவாலய வாசலில் ஒன்றுசேர்கின்றன. இந்த முடிவு பலருக்கும் உவப்பானதல்ல. எனக்கும்தான். லாங்கே தம் பிற்காலத்தில் அதைத் தேவதைக் கதை என்று ஒதுக்கினார். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸோ 1927 ஏப்ரலில் எழுதிய விமர்சனத்தில் முடிவை மட்டுமல்ல, முழுப் படத்தையுமே சாடித் தீர்த்தார்.

1927 ஜனவரி 10ஆம் திகதி பெர்லினில் இப்படம் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது சுருளின் நீளம் 4,189 மீற்றர். பணத்தை வாரியிறைத்து உஃபா நிறுவனம் அதைத் தயாரித்திருந்தது. அந்நிறுவனம் அப்போது பெருங்கடனில் இருந்தது. கைகொடுத்த அமெரிக்க நிறுவனங்களுள் ஒன்றான பரமவுண்ட், படத்தை அமெரிக்கருக்கு ஏற்ப வெட்டி ஒட்டும்படி சனிங் பொலொக் என்ற நாடகாசிரியரிடம் கொடுத்தது. அவர் வெட்டிய பகுதிகளில் முக்கியமானது ஹெல் என்ற பெண்ணைப் பற்றியது. அந்தப் பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டுகிறதாம்! ஒரு பெயரின் ஒலிக்காக ஒரு பாத்திரத்தையே கொன்றுவிட்டார்கள். 1927 ஆகஸ்டில் ஜேர்மனியிலும் படம் 3,241 மீற்றராகச் சுருக்கப்பட்டே மீண்டும் வெளிவந்தது. முழுப்படம் பெர்லினில் ஓடியது சில மாதங்களே. அதன்பின் உலகம் கண்டதெல்லாம் குறைப்பிரதிகள்.

இந்தக் குறைப்பிரதிகளுக்குத்தான் ரசிகர் கூட்டம் சேர்ந்தது. "ஸ்டார் வோர்ஸ்" படத்தின் பொன்னிற இயந்திர மனிதனுக்கு முன்மாதிரி மெட்ரோபொலிஸின் இயந்திரப் பெண். 1982 இல் வந்த "பிளேட் ரன்னர்" படத்து நகரம் லாங்கின் நகரத்துக்குக் கடன்பட்டது. 1984 இல் ஜோர்ஜியோ மொரோடர் என்ற இசையமைப்பாளர் படத்துக்கு வண்ணமூட்டி, இடைத்தலைப்புகளை அகற்றி வசனங்களைக் காட்சியின் அடியில் ஓடவிட்டு, ஃபிரெடி மேர்க்குரி, பொனி டைலர் போன்றோரின் பாடல்களைச் சேர்த்து, ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான ஒரு வடிவத்தை வெளியிட்டார். தூய்மைவாதிகள் முகஞ்சுளித்தார்கள். ஆனால் ஒரு தலைமுறை இளைஞர்கள் மெட்ரோபொலிஸை அறிந்தது அதன் மூலம்தான். மொரோடரும் அடிப்படையில் இப்படத்தின் ரசிகரே. ரசிகர் என்பவர் தாம் விரும்பும் பொருளைச் சும்மா விடுவதில்லை.

நானும் முதலில் பார்த்தது ஒரு குறைப்பிரதியைத்தான். கொழும்பில் ஒரு சிறிய மண்டபத்தில், பதினாறு மில்லிமீற்றர் கருவியில், இசை கூட இல்லாமல். கருவியின் இரைச்சல்தான் பின்னணி. கதை பல இடங்களில் அறுந்து தொங்கியது. ரொட்வாங் ஏன் இயந்திரப் பெண்ணைப் படைத்தான் என்று தெளிவாகவில்லை. தொழிலாளரை மாற்றீடு செய்வதற்கு என்பது போலத் தோன்றியது. ஒரு மனிதன் வருவான், திடீரென்று காணாமற் போவான். ஆனாலும் அந்த அறுந்த இழைகளே படத்துக்கு ஒரு கனவின் தன்மையைத் தந்தன. கனவில் யாரும் காரணம் கேட்பதில்லை அல்லவா? படம் முடிந்த பின் வெளியே தேநீர்க் கடையில் நின்று நாங்கள் ஐந்தாறு பேர் விடுபட்டவற்றை ஆளுக்கொரு விதமாக இட்டு நிரப்பினோம்.

உலகெங்கும் மெட்ரோபொலிஸ் சுவைஞர்கள் இவ்வாறுதான் வாழ்ந்தார்கள். அவர்களுள் சிலர் பேச்சோடு நிற்கவில்லை. மியூனிக் திரைப்பட அரும்பொருளகத்தின் என்னோ பட்டாலாஸ், 1926 இல் தணிக்கைக்குச் சமர்ப்பிக்கப்பட்ட இடைத்தலைப்புப் பட்டியலையும், கொட்ஃபிரீட் ஹுப்பர்ட்ஸ் எழுதிய இசைக்குறிப்பையும், படப்பிடிப்பின்போது எடுத்த நிழற்படங்களையும் வைத்துக்கொண்டு, எந்தக் காட்சி எங்கே இருந்தது என்பதைப் பல்லாண்டு காலம் தேடிக் கண்டார். ஹுப்பர்ட்ஸின் இசைத்தாள்களில், இந்த இடத்தில் திரையில் இன்னது நடக்கிறது என்ற குறிப்புகள் ஆயிரத்துக்கும் அதிகமாக இருந்தன. இசை பிழைத்திருந்தது, காட்சி இறந்திருந்தது. 2001 இல் மார்ட்டின் கோர்பர் முதலானோர் செய்த புனரமைப்பில், தொலைந்த காட்சிகள் எழுத்தில் விளக்கப்பட்டன. அதே ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் திரைப்படம் என்ற பெருமையும் இதற்குக் கிட்டியது. இனிமேல் கிடைக்கப் போவதில்லை என்ற துக்கத்தோடு கூடிய பெருமை அது.

கிடைத்த இடம் தென்னமெரிக்கா. 1928 இல் அடோல்ஃபோ வில்சன் என்ற விநியோகஸ்தர் முழுநீளப் பிரதியொன்றை ஆர்ஜன்டீனாவுக்குக் கொண்டு சென்றிருந்தார். மனுவல் பேன்யா ரொட்ரிகெஸ் என்ற விமர்சகர் அதைத் தமது சேகரிப்பில் சேர்த்துக்கொண்டார். பின்னர் அது அரசின் கலைநிதியத்துக்குச் சென்று, அங்கிருந்து புவனஸ் அயர்ஸ் நகரின் திரைப்பட அரும்பொருளகத்துக்கு வந்தது. இதற்கிடையில், நைத்திரேற்றுச் சுருள் தீப்பற்றக்கூடியது என்பதனால், பதினாறு மில்லிமீற்றர் சுருளுக்குச் சுருக்கிப் பிரதியெடுத்தார்கள். மூலச் சுருளைத் துடைக்காமலே எடுத்துவிட்டார்கள். பல்லாண்டுகள் ஓடிய கீறல்களும் எண்ணெய்க் கறைகளும் புதிய சுருளில் நிரந்தரமாகப் பதிந்துபோயின.

ஃபெர்னாண்டோ பேன்யா என்ற திரைப்பட வரலாற்றாளரின் காதில் ஒருநாள் ஒரு பழைய சம்பவம் விழுந்தது. சினிமாச் சங்கமொன்றில் மெட்ரோபொலிஸ் காட்டியபோது, சுருங்கிய சுருள் கருவியில் ஆடாதிருக்க ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக விரலால் அழுத்திப் பிடித்திருந்தாராம். கேட்டவர்கள் சிரிக்கும் கதை. பேன்யாவுக்கோ வேறு கணக்குத் தோன்றியது. உலகறிந்த பிரதி அவ்வளவு நேரம் ஓடாதே! அந்தச் சுருளைப் பார்க்க அவர் பல்லாண்டுகள் முயன்றும் முடியவில்லை. 2008 இல் பவுலா ஃபெலிக்ஸ் டிடியே அரும்பொருளகத்தின் பணிப்பாளராகப் பொறுப்பேற்ற பின்னரே பெட்டி திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் செய்தி ஜேர்மன் பத்திரிகையில் வெளியாகி உலகெங்கும் பரவியது. 2005 இல், மைக்கல் ஓகன் என்ற அவுஸ்திரேலிய ஆர்வலரின் விசாரிப்பினால், நியூஸிலாந்து ஆவணக் காப்பகப் பிரதியிலும் வேறெங்குமில்லாத துண்டுகள் இருப்பது தெரியவந்தது. இக்கண்டுபிடிப்புகளின் பின்னால் பெரிய திட்டமோ நிதியோ இருக்கவில்லை. படத்தைக் காதலித்த சில மனிதர்களின் பிடிவாதம் இருந்தது.

இனி, முழுமைக்கு அண்மித்த அந்தப் படத்தைக் கண்டு ரசிகர்கள் சொன்னதென்ன?

பெரும்பாலானோர் மகிழ்ந்தார்கள். அறுந்த கதை பொருந்திவிட்டது. 11811 என்ற தொழிலாளி, ஃபிரெடருடன் உடை மாற்றிக்கொண்டு மேலே வந்தவுடன் மறைந்துபோகாமல், மோட்டார் வண்டியில் நகரத்தின் ஒளியைக் கண்டு மயங்கி, யொஷிவாரா கேளிக்கை விடுதிக்குப் போகிறான். இலக்கமாக இருந்தவனுக்கு ஆசையும் பலவீனமும் உண்டென்று படம் காட்டுகிறது. முதலாளியின் ஒற்றனான ஒல்லி மனிதன், ஃபிரிட்ஸ் ராஸ்ப் நடித்த அந்தப் பாத்திரம், பழைய பிரதிகளில் நிழலாகத்தான் இருந்தான். இப்போது படம் முழுவதும் பின்தொடர்ந்து வருகிறான். வேலையிழந்த எழுதுவினைஞன் ஜோசபாத் ஃபிரெடரின் உண்மையான தோழனாகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக ஹெல்லின் நினைவுச்சிலை. அவள் ரொட்வாங் காதலித்த பெண். ஃபிரெடெர்சனை மணந்து, ஃபிரெடரைப் பெற்று இறந்தவள். சிலையின் முன்னால் இரண்டு கிழட்டு எதிரிகளும் நிற்கும் காட்சியைப் பார்த்த பின், ரொட்வாங் வெறும் பைத்தியக்கார விஞ்ஞானி அல்ல. இழந்தவளை உலோகத்தில் மீட்கப் பார்த்த துயரத்தின் உருவம்.

ஆனால் முறையீடுகளும் எழுந்தன. அவை வெறும் குறைகூறல் அல்ல என்பதாற்றான் இதை எழுதுகிறேன். முதலாவது கீறல்கள் பற்றியது. தூய்மையான 35 மில்லிமீற்றர் காட்சியிலிருந்து ஆர்ஜன்டீனத் துண்டுக்கு மாறும்போது திரையில் மழை பொழிவது போலக் கோடுகள். சட்டகமும் சற்றுச் சிறுத்து, விளிம்பில் கறுப்புப் பட்டை. கணினியால் இன்னும் அழித்திருக்கலாமே என்றார்கள் சிலர். மீட்டவர்கள் இயன்றவரை துடைத்தார்கள். அதற்கு மேல் துடைத்தால் முகங்களும் சேர்ந்து அழிந்துவிடும். வேறு சிலருக்கோ அந்தக் கீறல்களே பிடித்திருந்தன. எது தொலைந்து திரும்பியது என்பதைப் பார்வையாளன் கண்ணாலேயே அறிகிறான். என் கட்சியும் இதுவே. செல்லரித்த ஏட்டைப் பதிப்பிக்கும் நேர்மையான பதிப்பாசிரியர் எழுத்தழிந்த இடத்தில் புள்ளியிட்டுச் செல்வார். தம் கற்பனையைப் புலவன் பேரில் ஏற்றமாட்டார்.

படம் ஓடும் வேகம் பற்றியும் சண்டை நடந்தது. வினாடிக்கு 24 சட்டகம் என்பது மிகையான வேகம், 20 போதும் என்றனர் சிலர். அமெரிக்காவில் "முழுமையான மெட்ரோபொலிஸ்" என்று பெயரிட்டு வெளியிட்டதும் சிலருக்குப் பிடிக்கவில்லை. சில நிமிடங்கள் இன்னும் இல்லையே! இவை சுவையான சண்டைகள், ஆனால் அடிப்படையானவை அல்ல.

அடிப்படையான முறையீடு வேறு. அது கனவை இழந்தவர்களுடையது. தாம் நேசித்த படம் சிறியதாகவும் புதிராகவும் இருந்தது, இந்தப் புதிய படமோ ஒற்றனும் இலஞ்சமும் காதல் பகையும் கொண்ட நீண்ட கதையாகிவிட்டது என்று அவர்கள் வருந்தினார்கள். குறிப்பாக மொரோடரின் வடிவத்தில் வளர்ந்தவர்கள். அது வெளியான காலத்தில் அதன் இசையை ஆண்டின் மோசமான இசை என்று பரிகசித்து விருதுக்குப் பிரேரித்தவர்களும் உண்டு. இருந்தும், முழுப்படம் வெளியான மறு வருடம், 2011 இல், மொரோடரின் வடிவமும் மீண்டும் திரையிடப்பட்டு விற்பனைக்கும் வந்தது. மூலம் கிடைத்த பிறகும் சிதைவுக்குத் தேவை இருந்தது!

இதை நகைக்க எனக்கு மனமில்லை. எண்பது ஆண்டுகளாக மக்கள் மனதில் வாழ்ந்தது அந்தக் குறைப்படமே. பிற்காலப் படைப்பாளிகளைத் தூண்டியதும் அதுவே. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆயினும், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் நான் முழுப்படத்தின் பக்கமே நிற்கிறேன். குறைப்படத்தில் தொழிலாளர் ஒரு திரளாக மட்டுமே தெரிந்தனர்: ஒரே நடை, ஒரே குனிவு. அவர்களுள் ஒருவனுக்கு ஜோர்ஜி என்ற பெயரும் முகமும் சபலமும் இருந்தன. ஃபிரெடரைக் காக்கத் தன் மேல் கத்தியை வாங்கிக்கொண்டு இறப்பவனும் அவனே. வெட்டியவர்கள் நேரத்தைச் சேமிக்க எண்ணி அவனுடைய கதையைத்தான் முதலில் வீசினார்கள். தொழிலாளரை எண்களாக்கும் நகரத்தைக் கண்டிக்கும் படத்தில், வியாபாரிகள் அதே வேலையைக் கத்தரிக்கோலால் செய்து முடித்தார்கள். அதை அறியாமல் அந்தக் கனவை நேசிக்க இனி என்னால் இயலாது.

இன்னும் இரண்டு காட்சிகள் கிடைக்கவில்லை. ஒன்று, தேவாலயத்தில் துறவியொருவர் உலக முடிவைப் பற்றிப் பிரசங்கிப்பது. மற்றையது, ரொட்வாங்கும் ஃபிரெடெர்சனும் கட்டிப்புரண்டு சண்டையிட, மரியா தப்பியோடுவது. புனரமைத்த படத்தில் அவ்விடங்களில் வேறு எழுத்துருவில் சில வரிகள் தோன்றி நடந்ததைச் சொல்கின்றன. ஹுப்பர்ட்ஸின் இசைத்தாள்களில் அவற்றுக்குரிய இசை இருக்கிறது. ஏதோவொரு நாட்டில், பெயர் மாறி ஒட்டப்பட்ட தகரப்பெட்டியொன்றில், அந்தச் சில மீற்றர் சுருளும் இருக்கலாம் என்று ரசிகர்கள் இன்னமும் தேடுகிறார்கள்.