மரமும் தூணும் கிணறும்: கர்னால், பானிபட் சாலையில் ஒரு கோடைப் பகல்

ஜூன் மாதத்தில் ஹரியானாவின் நெடுஞ்சாலையில் மிதிவண்டி ஓட்ட முனைபவர் விடியலுக்கு முன்பே புறப்பட்டாக வேண்டும். ஐந்து மணிக்குத் தராவடியை விட்டால் ஆறு மணிக்குக் கர்னால், ஏழேகால் அளவில் கரௌண்டா, எட்டரைக்குள் பானிபட். அதற்குமேல் ‘லூ’ என்னும் அனல்காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கிவிடும். பானிபட்டில் ஒதுங்கியவர் வெயில் சாய்ந்த பின்னரே சமால்காவை நினைக்க முடியும். மகிழுந்தில் விரைபவர் கண்ணுக்குப் படாத ஒரு செய்தியை இந்தப் பயணத்தில் கால்கள் கண்டுகொள்கின்றன. இவ்வூர்கள் ஏறத்தாழ ஒரே இடைவெளியில், 15 முதல் 18 கிலோமீட்டருக்கு ஒன்றாக அமைந்திருக்கின்றன.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. முகலாயர் காலத்துச் சாலையில் ஒரு கோஸ் என்பது ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். ஆகவே ஊருக்கு ஊர் நான்கு கோஸ். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் நகரும். பின்னிரவில் மாடு பூட்டினால், வெயில் தலைக்கு ஏறுமுன் நான்கு கோஸ் கடந்து நிழலை அடைந்துவிடலாம். குளிர்காலத்திலோ, விரைந்து செல்லும் குதிரையிலோ, இடையில் உள்ள ஓர் ஊரைத் தாண்டி எட்டுக் கோஸில் தங்கலாம். பானிபட்டும் கர்னாலும் முகலாயருக்கு மிக முந்திய ஊர்கள்தாம். ஆனால் அவ்விரண்டுக்கும் சரிநடுவே, வேறெங்கும் அல்லாமல் கரௌண்டாவில், ஷாஜகான் காலத்தில் பெரியதொரு சராய் எழுந்ததற்கு மாடும் மனிதனும் தாங்கக்கூடிய வெயிலின் அளவைவிடச் சிறந்த காரணம் தேட வேண்டியதில்லை.

சராய் என்பதை நம் சத்திரத்துக்கு இணையாகச் சொல்லலாம், ஆனால் அதற்குக் கோட்டையின் சாயலும் உண்டு. சதுரமான பெரிய முற்றம், நாற்புறமும் மதிலோடு ஒட்டிய சிற்றறைகள், எதிரெதிராக இரு பெருவாயில்கள், உள்ளே கிணறு, தொழுமிடம். இருட்டியதும் வாயில் அடைபடும். தடித்த செங்கற்சுவரும் வளைகூரையும் பகலின் வெப்பத்தை வெளியே நிறுத்துவதற்காகவே அமைந்தவை. அவை எப்போதும் வெற்றி பெற்றன என்று சொல்வதற்கில்லை. 17ஆம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், குதிரையும் ஒட்டகமும் மனிதரும் ஒன்றாக அடைபட்ட களஞ்சியங்கள் என்றே சராய்களைப் பழித்தார். கோடையில் மூச்சு முட்டும், குளிர்காலத்திலோ விலங்குகளின் மூச்சுதான் பயணியை உயிரோடு வைத்திருக்கும் என்பது அவர் கூற்று. அவருடைய கசப்பைக் கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும். தில்லிக்கும் ஆக்ராவுக்கும் இடைப்பட்ட சாலையில் காணத்தக்கவை மிகக் குறைவு என்று எழுதியவரும் அவரே. எனினும், அச்சாலையில் ஒருநாள் பயணத் தொலைவுக்கு ஒரு சராய், இருமருங்கும் மரவரிசை, கோஸுக்கு ஒரு சிறு தூண், அடிக்கடி கிணறு ஆகியவை இருந்ததை அவர் குறிக்கத் தவறவில்லை.

அந்தத் தூண்களைக் கட்டியவர் ஷேர்ஷா என்று வழிகாட்டிகளும் பாடநூல்களும் சொல்லிவருகின்றன. 1540 முதல் 1545 வரை ஆண்ட அவர் சாலையையும் சராய்களையும் செப்பனிட்டவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆக்ரா, லாகூர் வழியில் தூண் நிறுத்த ஆணையிட்டவர் ஜஹாங்கீர். 1619ஆம் ஆண்டு நிகழ்வுகளைச் சொல்லும் பகுதியில் அவரே தம் நினைவுக்குறிப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆக்ராவிலிருந்து சிந்து நதிவரை மரம் நடுமாறு முன்பே உத்தரவிட்டிருந்ததாகவும், இப்போது லாகூர்வரை கோஸுக்கு ஒரு தூணும் மூன்று கோஸுக்கு ஒரு கிணறும் அமைக்கப் பணித்ததாகவும் அதில் உள்ளது. காரணமும் சொல்கிறார்: வழிப்போக்கர் தாகத்தாலும் வெயிலாலும் துன்புறலாகாது. மரம், தூண், கிணறு மூன்றும் சேர்ந்த ஒரே ஏற்பாடு அது. அடுத்த நிழலுக்கும் நீருக்கும் இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்வதற்கே தூண்.

வெயிலைப் பற்றி ஓர் அரசர் இவ்வளவு கவலைப்பட்டது விந்தையன்று. அவருடைய குடும்பம் இந்த வெயிலை நன்கறிந்தது. ஜஹாங்கீரின் கொள்ளுப்பாட்டனார் பாபர் 1526 ஏப்ரல் 21 அன்று பானிபட்டில் இப்ராஹிம் லோடியை வென்றார். வெற்றியைத் தொடர்ந்து வந்தது ஆக்ராவின் கோடை. அனலில் ஆட்கள் சுருண்டு விழுந்தனர். காபூலுக்கே திரும்பிவிடலாம் என்று தளபதிகள் முறையிட்டனர். பாபர் அவையைக் கூட்டிப் பேசித்தான் பெரும்பாலோரை நிறுத்திவைத்தார். நெருங்கிய நண்பர் குவாஜா கலான் அதற்கும் இணங்காமல் விடைபெற்றுச் சென்றார். இந்துஸ்தானத்தில் தம்மை வாட்டியவை வெப்பம், கடுங்காற்று, புழுதி ஆகிய மூன்று என்று எழுதும் பாபர், அவற்றுக்கு மாற்றாகக் குளியல் மாளிகை கட்டியதையும் சொல்கிறார். லோடியின் படையால் முடியாததை அந்த ஆண்டின் மே மாதம் ஏறத்தாழ முடித்திருக்கும்.

பானிபட்டில் பாபர் எழுப்பிய காபூலி பாக் பள்ளிவாசலும், எளிய மேடையாக உள்ள லோடியின் கல்லறையும் இன்றும் காணக்கிடைக்கின்றன. இரண்டுக்கும் வருவோர் சிலரே. ஊரின் தலைக்குமேல் உயர்த்திக் கட்டிய நெடுஞ்சாலை ஓடுகிறது. பானிபட் என்றோர் ஊர் இருப்பதே தெரியாமல் வாகனங்கள் கடந்துவிடுகின்றன. நடுப்பகலில் பழைய சாலைமீது விழும் நீண்ட நிழல் அந்தக் காங்கிரீட்டின் நிழல்தான். ரிக்‌ஷாக்காரரும் மிதிவண்டிக்காரரும் அதனடியில் ஒதுங்குகின்றனர்.

இச்சாலையில் மிதிவண்டியின் வரலாறும் பழையதே. உலகை மிதிவண்டியில் முதலில் சுற்றிவந்தவரான தாமஸ் ஸ்டீவன்ஸ், 1886இல், வெப்பமும் புழுக்கமும் கூடிய மாதங்களில், லாகூரிலிருந்து கல்கத்தாவரை இவ்வழியே சென்றார். அவருடையது 50 அங்குல முன்சக்கரமும் திண்ம ரப்பர்ப் பட்டையும் கொண்ட உயர்ந்த வண்டி. சுண்ணாம்புக் கணுக்களான கங்கரை நீர் தெளித்து இடித்து இறுக்கிய பாதை அவ்வண்டிக்குப் பெரும்பேறு. அப்போது தில்லியிலிருந்து லாகூர் சென்ற ரயில் மீரட், சகாரன்பூர் வழியாகச் சுற்றிப் போயிற்று. பானிபட், கர்னால் வழியே ரயில் வந்தது 1891இல்தான். ஆக, அவர் கடந்த ஆண்டில் இச்சிற்றூர்கள் இன்னும் மாட்டுவண்டியின் கணக்கிலேயே வாழ்ந்துகொண்டிருந்தன. சராயின் இடத்தில் பெரும்பாலும் வெள்ளையர் தங்கும் அரசு பங்களா வந்திருந்தது. அங்கே பயணி உறங்க, யாரோ ஒருவர் உறங்காமல் பங்கா இழுத்தார். அடுத்த பத்தாண்டில் காற்றடைத்த டயர்களோடு இந்தியாவெங்கும் சுற்றிய ஒர்க்மன் தம்பதியர், முள் குத்தி ஒரே நாளில் நாற்பது பஞ்சர்வரை ஒட்ட நேர்ந்தது. வெயிலைத் தாங்கும் துணிவு அவர்களுக்கு இருந்தும் 1898 கோடையில் இமயமலைப் பக்கம் போய்விட்டனர்.

1901இல் வெளியான கிப்ளிங்கின் ‘கிம்’ நாவல், அம்பாலாவை அடுத்த இச்சாலையை நான்கு வரிசை மரங்களின் நிழலில் காட்டுகிறது. நடுவே விரைவான வண்டிகளுக்குக் கெட்டிப்பாதை, இருபுறமும் பாரவண்டிகளுக்கு மண்பாதை. நாவலாசிரியரின் அரசியல் எதுவானாலும் மரங்களை எண்ணுவதில் பொய் சொல்ல அவருக்குத் தேவை இல்லை.

அந்த நான்கு வரிசைகளை இன்றைய சாலையில் தேட வேண்டாம். ஒவ்வொரு விரிவாக்கத்திலும் முதலில் விழுந்தவை மரங்களே. கிணறுகளை மண்ணும் கட்டடங்களும் மூடிவிட்டன. கரௌண்டா சராயில் எஞ்சியவை இரு பெருவாயில்கள் மட்டும். அவற்றுக்கிடையே இருந்த மதிலும் அறைகளும் போயின. தூண்கள் மட்டும் நிலைத்தன. அடியில் எண்கோணமும் மேலே உருளையுமாகச் செங்கல்லால் எழுந்த கோஸ் மினார்கள் ஹரியானாவில் மட்டும் 49 உள்ளன. வயல் நடுவிலும் குடியிருப்பிலும் நிற்கும் அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010இன் திருத்தச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்பலாகாது. நல்ல சட்டம்தான். ஆனால் ஜஹாங்கீரின் ஆணையில் நிழலும் தராத, நீரும் தராத உறுப்பு எதுவோ அதற்கு மட்டுமே சின்னம் என்ற தகுதி கிடைத்திருக்கிறது. 

நீர் கிடைக்காமலும் இல்லை. மே இறுதியிலும் ஜூனிலும் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் சாலையோரங்களில் பந்தலிட்டு, போவோர் வருவோரை மறித்து நிறுத்தி, பாலும் பன்னீர்ச் சர்க்கரைப்பாகும் பனிக்கட்டியும் கலந்த நீரைக் குவளை குவளையாகக் கொடுக்கிறார்கள். லாரி ஓட்டுநருக்கும் கொடுக்கிறார்கள், மிதிவண்டிக்காரருக்கும் கொடுக்கிறார்கள்; சாதியோ சமயமோ கேட்பதில்லை. இதற்குச் சபீல் என்று பெயர். சீக்கியரின் ஐந்தாம் குருவான அர்ஜன் தேவ் 1606இன் கோடையில் லாகூரில் உயிர்நீத்ததை நினைந்து செய்யும் அறம் இது. கொதிக்கும் தகட்டில் அமர்த்தி, சுடுமணலை மேலே சொரிந்து அவரை வதைத்தனர் என்பது சீக்கிய மரபு. அவருக்கு மரண தண்டனை விதித்ததைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்திருப்பவரும் ஜஹாங்கீரே. 13 ஆண்டுகளுக்குப் பின் வழிப்போக்கரின் தாகத்துக்காக அவர் வெட்டச் சொன்ன கிணறுகள் தூர்ந்துபோன அதே சாலையில், குருவின் பெயரால் ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் வார்க்கப்படுகிறது.