வாரங்கலின் மண்மதிலும் ‘அகழ்’ என்னும் வேர்ச்சொல்லும்

ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் உள்ளது, காகதீயரின் தலைநகரான வாரங்கல். அதன் பழம்பெயர் ஓருகல்லு; வடமொழியில் ஏகசிலா நகரம். இரண்டுக்கும் பொருள் ‘ஒற்றைக் கல்’ என்பதே. இன்றும் அந்நகரின் அடையாளமாக விளங்குபவை அங்குள்ள கல் தோரணங்கள்தாம். எனினும், முற்றுகையின்போது அந்நகரை முதலில் காத்து நின்றது மண்.

கணபதிதேவர், அவர் மகள் ருத்ரமாதேவி ஆகியோர் காலத்தில் (13ஆம் நூற்றாண்டு) உருப்பெற்ற கோட்டை, வட்டத்துக்குள் வட்டமாக அமைந்தது. உள்வட்டம் கருங்கல் மதில். அதன் விட்டம் சுமார் 1.2 கி.மீ. அதற்கு வெளியே சுமார் 2.4 கி.மீ. விட்டத்தில் மண்மதில். இன்னும் அப்பால், ஹனுமகொண்டாவையும் உள்ளடக்கிச் சுமார் 12.5 கி.மீ. விட்டத்தில் மற்றொரு மண்கரை.

மண்மதிலின் நுட்பம் எளியது. வெளிப்புறம் தோண்டிய மண்ணையே உட்புறம் குவித்தால் அகழியும் மதிலும் ஒரே உழைப்பில் உருவாகும். பள்ளத்தின் ஆழம் மதிலின் உயரத்தோடு சேர்ந்துகொள்ளும். கவண்பொறி எறியும் கல் மோதினால் கல்மதில் பிளக்கலாம். மண்மதிலோ அவ்விசையைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். 1310இல் மாலிக் காபூரின் படை இதனை முற்றுகையிட்டது. அம்மண்மதிலின் உறுதியை, டெல்லி அரசவைக் கவிஞரான அமீர் குஸ்ரோவே வியந்து பதிவு செய்துள்ளார். மண்மதில் வீழ்ந்தபின், கல்மதில் நின்றிருக்கும்போதே பிரதாபருத்ரர் திறை தர இசைந்தார். அடுத்த ஆண்டில் மாலிக் காபூர் மதுரை வரை வந்தது தமிழ் வாசகர் அறிந்ததே.

இவ்வமைப்பின் தடம் மொழியிலும் உள்ளது. அகழியைத் தெலுங்கு ‘அகட்த’ என்கிறது. தமிழ் ‘அகழி’யும் கன்னட ‘அகழ்’ சொல்லும் அதன் உறவுகள். தோண்டுதலைக் குறிக்கும் ஒரே திராவிட வேரிலிருந்து பிறந்தவை இவை. அகழியைக் குறித்த மற்றொரு தமிழ்ச் சொல்லான ‘கிடங்கு’ இன்று பண்டகசாலையையே பெரிதும் சுட்டுகிறது. பொருள் மாறியதால் அச்சொல்லின் பழைய அரண் நினைவு மங்கிவிட்டது.

நிலத்திலும் அதுவே நிகழ்கிறது. செதுக்கிய தூணைக் காண்போர் அதனை வரலாறு என அறிவர். புல் மூடிய நீண்ட கரையை வெறும் மேடு என எண்ணிக் கடந்து செல்வர். வாரங்கலின் மண்மதிலிலும் அகழியிலும் வீடுகள் எழுந்தமைக்கு இவ்வறியாமையும் ஒரு காரணம். மண்கரையைச் சமன் செய்துவிட்டால், கல்தூண்போல அதனை மீண்டும் எடுத்து நிறுத்த இயலாது. தொல்லியலின் ‘அகழாய்வு’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. ஆயினும் ஆய்வுக்கு முன் தேவைப்படுவது, அம்மேட்டை மதில் என அடையாளம் கண்டு வரைபடத்தில் குறிப்பது.