பத்திரமா, டெபாசிட்டா?

கோயம்புத்தூரில் வடவள்ளி, தொண்டாமுத்தூர், காளப்பட்டி பக்கம் போனால் மூத்தோருக்கென்றே கட்டிய குடியிருப்புகளின் பெயர்ப்பலகைகள் அடுத்தடுத்து வரும். தனித்தனி வீடுகள், நடுவில் பொதுச் சாப்பாட்டுக்கூடம், ஒரு சின்னக் கோயில், ஒரு கிளினிக். பெரும்பாலும் இங்கே வீட்டை விலைக்கு வாங்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த கிரயப் பத்திரம் கைக்கு வரும். இன்னொரு வகை இல்லத்தில் விலைபேச்சே கிடையாது. ஒரு தொகையை டெபாசிட்டாகக் கட்டிவிட்டு, மாதாமாதம் பணம் கொடுத்து ஓர் அறையில் இருப்பது. கையில் மிஞ்சுவது ஒரு ரசீதும் சில பக்க ஒப்பந்தமும்.

அப்பா அம்மாவுக்கு இடம் தேடும் பிள்ளைகள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறையின் அகலம், சாப்பாடு, ஆஸ்பத்திரி எத்தனை தூரம், மாதச் செலவு என்று பட்டியல் போடுகிறார்கள். தேவையான பட்டியல்தான். ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் விடுபடும் கேள்வி ஒன்று இருக்கிறது. உள்ளே போகும் நாளில் நடந்து போகிறவர், ஒருநாள் படுக்கையில் விழுந்தால், யார் யாரைப் பார்த்து "கிளம்புங்கள்" என்று சொல்ல முடியும்? என் பார்வையில் இரண்டு வகைக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் பெயின்ட்.

இலவச இல்லங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. சாவித்திரி வைத்தி 1978-இல் சென்னையில் ஆதரவற்ற மூதாட்டிகளுக்காகத் தொடங்கிய விச்ராந்தி போன்றவை வேறு உலகம். மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஒவ்வொன்றிலும் குறைந்தது 150 பேர் தங்கும்படி, ஏழை முதியோருக்கு அரசு இல்லம் அமைக்கலாம் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அதன் நிலைமையைப் பேச இன்னொரு கட்டுரை வேண்டும். இங்கே நாம் பேசுவது பென்ஷனோ, சேமிப்போ, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளையோ உள்ள குடும்பங்களைப் பற்றி.

வாங்கும் வீட்டை முதலில் பார்ப்போம். அதன் பலம் வெளிப்படை: உங்கள் பெயரில் இருக்கும் வீட்டிலிருந்து உங்களை எந்த மேலாளரும் வெளியேற்ற முடியாது. ஞாபகம் தப்பினாலும், இரவில் கத்தினாலும், அது உங்கள் வீடு. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம், ஓட்டுப் போடலாம். ஓய்வு பெற்ற வங்கி மேலாளரும் ராணுவ அதிகாரியும் நாலைந்து பேர் இருக்கும் சங்கத்தில் கணக்குக் கேட்கும் வேகத்தைப் பார்த்தால் எந்த நிர்வாகத்துக்கும் கொஞ்சம் பயம் வரும். அந்தப் பயத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

பத்திரம் எதைத் தருகிறது என்பதில்தான் குழப்பம். சுவரையும், யு.டி.எஸ். என்று சொல்கிற பிரிபடாத மனைப் பங்கையும் தருகிறது. சமையல், துப்புரவு, நர்ஸ், ஆம்புலன்ஸ், இரவுக் காவல் எதுவும் பத்திரத்துக்குள் கிடையாது. அவற்றைச் செய்வது பல இடங்களில் வேறொரு நிறுவனம், வேறொரு ஒப்பந்தம். கல்யாண மண்டபத்தை விலைக்கு வாங்கினால் சமையல்காரரும் கூடவே வந்துவிடுவார் என்று நம்புவதைப் போலத்தான் சிலர் பணம் கட்டுகிறார்கள். அந்தச் சேவை நிறுவனம் கட்டணத்தை உயர்த்தலாம். கட்டுப்படியாகவில்லை என்று ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடலாம். அப்போது உங்களை யாரும் வெளியேற்றவில்லை. கவனிக்க வந்தவர்கள்தான் வெளியேறுகிறார்கள். எண்பது வயதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா, கட்டடத்தைப் பொறுத்தவரை உதவும். சொன்ன தேதியில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். ரசத்தில் உப்பு கூடினாலோ, நர்ஸ் வராவிட்டாலோ ரெரா வராது. இந்த ஓட்டையை உணர்ந்துதான் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வு இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கட்டியவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. மாதிரி நெறி என்பதால் தானாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் "அந்த முத்தரப்பு ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்" என்று விற்பனைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முகம் பாதி பதிலைச் சொல்லிவிடும்.

டெபாசிட் இல்லத்தில் நிலைமை தலைகீழ். சுவரும் நர்ஸும் சாப்பாடும் ஒரே கையிலிருந்து வருகின்றன. குழாய் ஒழுகினாலும் சர்க்கரை இறங்கினாலும் ஒரே மேலாளரைத்தான் கூப்பிட வேண்டும். வயதானவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை, வாங்கிய வீட்டில் பிளம்பருக்காகக் காத்திருப்பவரைக் கேட்டால் சொல்வார். அதே சமயம் அந்த ஒரே கை "போதும், கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லவும் முடியும். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: தன் வேலைகளைத் தானே செய்துகொள்ள முடியாத நிலை வந்தாலோ, மற்றவர்களுக்கு இடைஞ்சல் ஏற்பட்டாலோ, நிர்வாகம் முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறச் சொல்லலாம். சேர்க்கும் நாளில் அந்த வரியை யாரும் படிப்பதில்லை. அப்பா அன்றைக்கு நன்றாக நடக்கிறார் அல்லவா.

அந்த வரிதான் இந்த இல்லத்தின் உண்மையான விலை. அது இருந்தால், டெபாசிட்டும் மாதக் கட்டணமும் வாங்கித் தருவது உடம்புக்கு முடிகிற காலத்துக்கான தங்குமிடம் மட்டும். முடியாத காலத்துக்கு இன்னொரு தேடல் மிச்சம் இருக்கிறது, அதுவும் அவசரத்தில். சில இல்லங்களில் தனியாக ஒரு பராமரிப்புப் பிரிவு இருக்கும். மறதி நோய்க்காரர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், டயப்பர் மாற்ற வேண்டியவர்கள் அங்கே போவார்கள். கட்டணம் கூடும். அந்தப் பிரிவைப் பார்க்காமல் எந்த இல்லத்தையும் முடிவு செய்யக் கூடாது என்பது என் பிடிவாதம். வரவேற்பறையையும் தோட்டத்தையும் அவர்களே காட்டுவார்கள். இதை நாம்தான் கேட்க வேண்டும். அங்கே மூத்திர நாற்றம் அடிக்கிறதா, மதியம் மூன்று மணிக்கு அத்தனை பேரும் படுக்கையிலேயே இருக்கிறார்களா, சக்கர நாற்காலியில் சிலரையாவது வெயிலில் உட்கார வைத்திருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். ராத்திரி ரெண்டு மணிக்கு பெல் அடித்தால் யார் வருவார், எந்தத் தளத்திலிருந்து வருவார், அவர் நர்ஸா, வாட்ச்மேனா என்றும் கேளுங்கள்.

வாங்கிய வீட்டில் அதே நிலை வந்தால் என்ன நடக்கும்? ஏஜென்சி மூலம் அட்டெண்டரை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். பகல் ஆள், இரவு ஆள், ஞாயிற்றுக்கிழமை வராத ஆள். அவருக்கு ஏற்பாடு செய்ய, கண்காணிக்க, சம்பளம் பேச வீட்டில் தெளிவாக இருக்கும் இன்னொருவர் தேவை. தம்பதியாக இருக்கும்வரை அது அம்மா. அப்புறம்? டொரன்டோவிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் நடத்த வேண்டும். அதனால்தான் வாங்கும் வீடு அறுபதுகளின் நடுவில் இருக்கும் ஜோடிக்குப் பொருந்துவது போல், எண்பதைத் தாண்டித் தனியாக இருப்பவருக்குப் பொருந்துவதில்லை.

பணக் கணக்கில் ஏமாறுவது சுலபம், அதுவும் டெபாசிட்டில். "திருப்பித் தரக்கூடியது" என்றதும் அது செலவே இல்லை என்று மனம் கணக்குப் போடுகிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டியில் 10 லட்சம் போட்டால் காலாண்டுக்கு 20,500 ரூபாய், ஆண்டுக்கு 82,000 வரும். அதே 10 லட்சம் இல்லத்தில் வட்டியில்லாமல் கிடந்தால், மாதம் ஏறக்குறைய 6,800 ரூபாய் மறைமுக வாடகை கொடுக்கிறோம் என்று அர்த்தம். கட்டணம் 20,000 என்று சொன்னால் அதை 26,800 என்று படிக்க வேண்டும். அதற்கு மேல், எந்தப் பெயரில் டெபாசிட் வாங்குகிறார்கள், அறக்கட்டளையா, தனியார் கம்பெனியா, ஆண்டுதோறும் எவ்வளவு கழிப்பார்கள், இறந்தால் எத்தனை நாளில் யாரிடம் திருப்புவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். அடுத்து சேருபவர் பணம் கட்டினால்தான் உங்கள் பணம் திரும்பும் என்று ஒப்பந்தம் சொன்னால், அந்த இல்லத்தின் கஜானா எப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. வருமான வரிச் சட்டத்தில் அறக்கட்டளையாகப் பதிவான முதியோர் இல்லம், 60 வயதைக் கடந்தவரிடம் தங்குமிடம், உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய்வரை வாங்கினால் அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. லாபத்துக்கு நடத்தும் கம்பெனிக்கு இந்த விலக்கு இல்லை. சொந்த வீட்டுக் குடியிருப்பில் சங்கம் வாங்கும் பராமரிப்புக் கட்டணம் ஆளுக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் சேரக்கூடும். விளம்பரத்தில் இருப்பது வரிக்கு முந்திய தொகையா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்கும் வீட்டில் பணம் முழுகிப் போகாது, சொத்தாக நிற்கும் என்பார்கள். பாதி உண்மை. இந்த வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் விற்க முடியாது. குறைந்தபட்ச வயது வரம்பு இருக்கும். பல இடங்களில் மறுவிற்பனை கட்டியவர் வழியாகத்தான் நடக்கும், அதற்கு ஒரு கட்டணமும் உண்டு. வாங்குபவர் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்பதால் அவரும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். அப்பாவுக்குப் பிறகு வீடு மகனுக்கு வரும், ஆனால் நாற்பது வயது மகன் அதில் குடியிருக்க முடியாது. மாதப் பராமரிப்பு மட்டும், வீடு பூட்டிக் கிடந்தாலும் ஓடும்.

பத்திர விஷயத்தில் ஆண்கள் மறந்துபோவது இன்னொன்றும் உண்டு. வீட்டை அப்பா பெயரில் மட்டும் வாங்கி, உயில் எழுதாமல் அவர் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், உயிரோடிருந்தால் அப்பாவின் தாய், எல்லோருக்கும் சமப் பங்கு. இரண்டு பிள்ளைகள் என்றால் அம்மாவுக்கு வருவது மூன்றில் ஒன்று. எந்த மகனும் அம்மாவை வெளியே அனுப்பப் போவதில்லை என்று சொல்லலாம். ஆனால் தனக்கு முடியாமல் போய் இந்த வீட்டை விற்றுப் பராமரிப்பு உள்ள இல்லத்துக்குப் போக அம்மா நினைத்தால், வெளிநாட்டில் இருப்பவர்கள் உட்பட எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். கூட்டுப் பெயரில் வாங்குவதோடு இருவரும் உயிலும் எழுதிவிட வேண்டும். டெபாசிட் இல்லத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே வேறொன்று: அப்பா போன பிறகு இருவர் அறையிலிருந்து அம்மாவை ஒருவர் அறைக்கு மாற்றுவார்கள், அல்லது முன்பின் தெரியாத இன்னொரு அம்மாவைக் கூடக் கொண்டுவந்து விடுவார்கள். துக்கம் காயும் முன்பே கட்டில் மாறும். இதற்கு எத்தனை மாத அவகாசம் என்று முன்கூட்டியே கேட்க யாருக்கும் மனம் வராது. கேட்க வேண்டும்.

பூர்வீக வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "மாதக் கட்டணத்தை அவன் கட்டிவிடுவான்" என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் செட்டில்மென்ட் பத்திரத்திலேயே எழுதியிருந்தால், 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, மகன் கைவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வாய்ச்சொல்லை நம்பி எழுதிக் கொடுத்தால் வழக்கு நீளும்.

ஊர் விஷயத்தில் எனக்குப் பெரிய வாதம் இல்லை. கோவையின் குளிர்ச்சியும் பெரிய மருத்துவமனைகளும் உண்மையான வசதிகள். ஆனால் மலையடிவாரக் குடியிருப்பின் அழகில் மயங்குகிறவர்கள், அந்தப் பகுதிகளில் விடியற்காலையில் யானை இறங்குவதுண்டு, நடைப்பயிற்சி வாசலோடு நின்றுவிடலாம் என்பதையும் நினைத்துக்கொள்ளட்டும். உறவுக்காரர்கள் ஒரு பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போகக்கூடிய தூரமே பெரும்பாலான அம்மாக்களுக்கு மலைக்காட்சியைவிட முக்கியம். தேடுவது பிள்ளைகள், இருக்கப்போவது அவர். அவரிடம் கேட்காமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

எழுபதுக்குள், இருவரும் நடமாட்டத்தோடு, சமையலில் இருந்து விடுதலை வேண்டும் என்று மட்டும் கேட்கும் தம்பதிக்குப் பத்திரத்தின் பக்கம் சாய்வேன், முத்தரப்பு ஒப்பந்தம் இருந்தால். தனி ஆள், எண்பதை நெருங்குகிறவர், விழுந்து ஒருமுறை இடுப்பெலும்பு உடைந்தவர் என்றால் பராமரிப்புப் பிரிவு உள்ள டெபாசிட் இல்லம்தான். அதிலும் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழைக் கேட்டுப் பார்த்த பிறகு.

முடிவெடுக்க முடியாமல் திணறுகிறவர்களுக்கு மூன்றாவதாக ஒரு சந்து இருக்கிறது. வாங்கும் வகைக் குடியிருப்புகளில், பெற்றோர் காலமான பின் பிள்ளைகள் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் கொஞ்சமாவது இருக்கும். வயது வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு அவற்றை வாடகைக்கு விடச் சில சங்கங்கள் அனுமதிக்கின்றன. பதினோரு மாத ஒப்பந்தம், சில மாத அட்வான்ஸ், சாப்பாட்டுக்குத் தனிக் கட்டணம். ஒரு மழைக்காலம், ஒரு கோடை, ஒரு சங்கத் தேர்தல் எல்லாம் அதற்குள் பார்த்துவிடலாம். விற்பனை அலுவலகத்தில் இந்த வழியைச் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் மாமியிடம் கேட்டால், எந்த வீடு காலி, ஓனர் எந்த நாட்டில் இருக்கிறார், வாடகையில் எவ்வளவு குறைப்பார் என்பதுவரை சொல்லிவிடுவார்.