துணி வாத்தும் தோல்பாவையும்

மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996-ல் திறக்கப்பட்ட இந்த இடத்துக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள், பழைய வீடுகளைவிட பொம்மலாட்டத்தைத்தான் ஆசையாகப் பார்ப்பார்கள். திரையில் ஓர் உருவம் இடமும் வலமுமாக ஓடிக் குதிப்பது அவர்களுக்குப் புதிதல்ல, வீடியோ கேமில் பார்த்துப் பழகியதுதான். பொம்மையே நேராக வீடியோ கேமுக்குள் போன கதையும் ஒன்று உண்டு. ஆனால் அது நடந்தது இங்கிலாந்தில்.

பிபிசி தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு இடையே ஓர் அறிவிப்பாளர் சின்ன அறையில் உட்கார்ந்து பேசுவார். அறை அவ்வளவு சிறியது என்பதால் அதற்குத் 'துடைப்ப அலமாரி' என்றே பெயர். 1988-ல் ஆண்டி கிரேன் என்ற அறிவிப்பாளரின் பக்கத்தில் 'எட்' என்ற மஞ்சள் வாத்து பொம்மை தலைகாட்டியது. பிறகு அதற்குப் பச்சை நிறத்தில் சிலிர்த்த முடியும் வந்தது. அது பேசாது, 'குவாக்' மட்டும்தான். மேசைக்குக் கீழே ஒளிந்திருந்த ஒருவரின் கைதான் அதற்கு உயிர். வெட்கப்படுவது, கோபித்துக்கொள்வது எல்லாமே அந்த மணிக்கட்டின் வேலை!

1990-ல் இம்பல்ஸ் நிறுவனம் இந்த வாத்தை வைத்து ஒரு பிளாட்ஃபார்ம் கேம் வெளியிட்டது. நம் ஊரில் மரியோ ஆடியவர்களுக்கு இந்த வகை புரியும். எட் பிபிசி கட்டடத்துக்குள் தட்டுத் தட்டாகத் தாவி நட்சத்திரங்களைப் பொறுக்க வேண்டும், எதிரே வருபவர்களைப் பனிப்பந்து எறிந்து உறைய வைக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ஸ்பெக்ட்ரம் கணினியில் 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்துக்குள் இரண்டே நிறங்கள்தான் காட்ட முடியும். அதில் மணிக்கட்டின் வெட்கத்துக்கு எங்கே இடம்? உண்மையைச் சொன்னால், வாத்துக்குப் பதில் தவளையை வைத்தாலும் ஆட்டம் மாறியிருக்காது. ஆனால் கடையில் கேசட் அட்டையைப் பார்க்கும் பிள்ளைக்குத் தவளையைத் தெரியாது, எட்டைத் தெரியும். விற்றது அந்த முகம்தான்.

பிபிசி பெயர் தாங்கிய இன்னொன்று இந்தியாவுக்கு வந்தது. 1984-ல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் கொடுக்கப்பட்டன. ஆனால் அது பள்ளிக்கூடக் கணினி. வீட்டில் கணினி வைத்துக் கேசட் வாங்கும் குடும்பங்கள் அன்று இங்கே மிகக் குறைவு. அதனால் பொம்மையைக் கணினிக்குள் கொண்டுபோகும் தேவை யாருக்கும் வரவில்லை.

வந்திருந்தால், நம் தோல்பாவை எட்டைவிடப் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது வேடிக்கை. ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகள் பிறப்பிலேயே தட்டையானவை. பெரும்பாலும் பக்கவாட்டில்தான் முகம் காட்டும். பின்னால் விளக்கு, முன்னால் வெள்ளைத் துணி. துணி வாத்தைப் போல எதையும் இழக்காமல் அவை கணினித் திரைக்குப் போயிருக்கும்.

குரலைத் தவிர. ராமன், ராவணன், அனுமன், நடுவே கோமாளி என்று எல்லோருக்கும் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே கலைஞர்தான் பேசுகிறார், பாடுகிறார். எட் வெறும் 'குவாக்'கோடு பிழைத்துக்கொண்டது. இன்றும் எமுலேட்டரில் அதை ஓட்டிப் பார்க்கலாம்.